படிகத்துக்கு ஒரு பெயர் கேட்டாய்

சேது,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் கூப்பிட்டபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எடுத்தவுடன், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "அம்மா, அக்கா இங்கன இருக்கா" என்று சொன்னாய். வெளியே கண் கூசும் வெயில். பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அதன்பிறகுதான் விளக்கினாய். வேணியின் உடம்பில் பழுதாயிருந்த அந்தப் புரதத்தை உங்கள் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்தாய், பிரித்தெடுத்தாய், எத்தனையோ முறை தோற்ற பிறகு இப்போது அது படிகமாக உறைந்துவிட்டது. "இதுக்கு வேணின்னே பேர் வச்சுக்கிறட்டுமா? பேப்பர்லயும் அந்தப் பேர்தான் வரும்" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் வாசித்துக்காட்டு. அவர்களுக்கும் தெரியட்டும்.

உன் அக்கா எழுபத்தாறில், சிக்கலில் என் அம்மா வீட்டில் பிறந்தாள். உன் அய்யா எனக்குத் தாய்மாமன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் பக்கம் அது ஒரு விஷயமே இல்லை. வெளியே பெண் எடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். பிறக்கும்போதே அவளுக்கு நெற்றியை மூடும் முடி. அதைப் பார்த்துத்தான் வேணி என்று பெயர் வைத்தோம். உன் அய்யாவுக்குப் பாம்பன் ஸ்டேஷனில் வேலை, எனக்கு அக்காள்மடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கைப்பிள்ளையோடு தீவுக்கு வந்து சேர்ந்தோம். வந்த கொஞ்ச நாளில், காலையில் தொட்டில் சேலையை உதறினால் முடி உதிர்ந்தது. முதலில் கொஞ்சம், பிறகு கொத்துக் கொத்தாக. தலை முடிந்ததும் புருவம் போனது. அதன்பின் இமை முடி. ஒரு வயதில் அவள் உடம்பில் ஒரு ரோமம் இல்லை. அந்த முகத்தை நீ போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. நாங்கள் எடுக்கவில்லை. இமை முடி இல்லாத கண் எப்போதும் உன்னை விழித்துப் பார்ப்பதுபோலவே இருக்கும். தூங்கி எழும்போதும் அவள் பார்வை அப்படித்தான் இருக்கும், அரைத்தூக்கம் என்பதே அந்த முகத்தில் தெரியாது.

நடக்க ஆரம்பித்தபோது கால் இரண்டும் வளைந்தன. மணிக்கட்டு வீங்கியது. நெஞ்சில் விலா எலும்புகள் சேரும் இடத்தில் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது. ராமநாதபுரத்தில் டாக்டர் பார்த்தவுடன் சொன்னார்: "ரிக்கெட்ஸ். வைட்டமின் டி பத்தல. வெயில்ல காட்டுங்கம்மா." நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? இருந்தாலும் செய்தேன். தினமும் காலையில் அவளை மணலில் உட்காரவைத்தேன். மீனெண்ணெய் கொடுத்தேன். ஊசி போட்டார்கள், சொட்டுமருந்து ஊற்றினார்கள். மற்ற பிள்ளைகள் நிழலைத் தேடி ஓடும் நேரத்தில் அவள் மட்டும் அந்த வெள்ளை மணலில், முடியில்லாத தலை மின்ன, அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தோல் கருத்தது. எலும்பு கரைந்துகொண்டே போனது. ராமேஸ்வரத்துக்குப் போகிற யாத்ரீகர்கள் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது டீ குடிக்க இறங்கினால் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை வடநாட்டு அம்மாள் ஒருத்தி கிட்டே வந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொரு முறை வேறொருத்தி தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடி இழுத்துக்கொண்டு போனாள். இந்த இரண்டில் எது என்னை அதிகம் பயமுறுத்தியது என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

எழுபத்தொன்பதில் நீ பிறந்தாய். உனக்கும் தலை நிறைய முடி. விடிந்ததும் நான் முதலில் செய்யும் காரியம் உன் தலையில் உள்ளங்கையை வைத்துத் தடவி, கையைத் திருப்பிப் பார்ப்பது. உன் அய்யா பார்த்தும் பார்க்காததுபோல் வெளியே போய்விடுவார். மாதங்கள் போயின. உன் முடி உதிராமல் நின்றது. அது நின்றுவிட்டது என்று நம்புவதற்குள் மழைக்காலங்கள் வந்து போயின. அப்படி வந்த ஓர் ஐப்பசியில்தான் வேணிக்கு நெஞ்சில் சளி கட்டியது. மெலிந்த விலா எலும்புகளுக்கு மூச்சைத் தாங்கும் பலம் இல்லை. கடைசி இரண்டு நாள் அவள் பேசவில்லை. நான் கூப்பிட்டால் கண் என் பக்கம் திரும்பும். "தண்ணி வேணுமா?" என்றால் கண் சொம்பைப் பார்க்கும். கை வராது. எல்லாம் கேட்டது அவளுக்கு. ஒரு பகல் பொழுதில், மழை விட்டு வெளிச்சம் வந்த நேரத்தில், கண்ணைத் திறந்தபடியே போனாள். மூடுவதற்கு இமையை இழுத்தேன், நிற்கவில்லை. பனங்காட்டுக்கு அப்பால் மணலில் வைத்தோம். நீ என் இடுப்பில் இருந்தாய். உனக்கு நினைவிருக்காது.

அதன்பிறகு ஐந்தாறு வருடம் கழித்து ஓர் ஆடி அமாவாசைக்கு உன் அய்யாவும் நானும் தேவிபட்டினம் போனோம். நவபாஷாணக் கல்லைச் சுற்றிவிட்டு, சாப்பாட்டுக் கூட்டத்தில் அவர் இடம் பிடிக்கப் போனார். நான் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். உச்சி வெயில். கடல் அசைவே இல்லாமல் தகடுபோலக் கிடந்தது. கரையில் இழுத்துப்போட்ட வள்ளங்களுக்கு இடையே, முழங்கால் தண்ணீரில், வேணி நின்றுகொண்டிருந்தாள்.

சேது, நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. ஆனால் பேய் பிசாசு என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாத வாத்தியார் என்று பேர் வாங்கியவள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதே தலை. புடைத்த அதே நெற்றி. அதே வளைந்த கால். அதே உயரம், போன வருடங்களில் ஒரு விரல்கூட வளராமல். வெயிலில் அவள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்ததால் நிழலே இல்லாததுபோல் இருந்தது. நான் "வேணி" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பினாள். இமை முடியில்லாத அந்தக் கண் என்னைப் பார்த்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

"ஏய், யாரு நீ? எம்புள்ளைய ஏன் தொடுற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். அவள்தான் மைமூன். நீ சின்னம்மா என்று கூப்பிடுகிற மைமூன். அன்று எனக்கு அவளைத் தெரியாது. பிள்ளையின் பெயர் சபுரா, வயது ஏழு. வளராததால் ஐந்துபோல் இருந்தாள். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான்.

"எனக்கும் இப்படியே ஒரு மக இருந்தா. அச்சு அசல் இவதான்."

மைமூன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியில் திருநீறு, நனைந்த சேலை, அழுத முகம். "இருந்தாளா? இப்ப எங்கன இருக்கா?" என்றாள்.

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையின் முகத்தைத் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு, "யா அல்லா" என்று முணுமுணுத்தபடி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அந்த நிமிஷம் அவள் கண்ணில் நான்தான் பேய்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை உன் அய்யாவிடம் சொன்னேன். உன் அய்யா, "நம்மளுக்கு ஒண்ணும் உறவில்ல, வேத்து ஆளுக. விட்டுரு" என்றார். விட முடியவில்லை. அடுத்த வாரம் தனியாகப் போனேன். தெருவில் விசாரித்து வாசலில் போய் நின்றேன். மைமூன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "எம்புள்ளைக்கு மௌத்து சொல்லத்தான் நடையா நடக்குறியா? போ தாயி, புண்ணியமாப் போவும்" என்றாள். சாவு சொல்ல வந்தவளாகவே என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பெயரையும் ஊரையும் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு மத்தியானம், நான் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்த வகுப்பு வாசலில் மைமூன் நின்றாள். தோளில் சபுரா. பிள்ளை சும்மா படியிறங்கும்போதே தொடையெலும்பு முறிந்துவிட்டது. "ஒம் மகளுக்கும் இப்புடி ஆச்சா அக்கா?" என்று கேட்டாள். முதல்முறையாக அக்கா என்றாள். "ஒம் மகளுக்கு என்னல்லாம் செஞ்சீக? அதெல்லாம் சொல்லு. அதுல எதயும் நான் இவளுக்குச் செய்யப்போறதில்ல."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். பிள்ளையைப் பார்த்தார், பிறகு நான் வேணியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார். இல்லை என்றோம். "முடியும் சேர்ந்தே போச்சா? ரெண்டு பிள்ளைக்கும்?" ஆமாம் என்றோம். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்தப் பிள்ளை ரத்தத்துல வைட்டமின் டி குறைச்சல் இல்லம்மா. சாதாரண ஆளுக்கு இருக்கறதைவிட மடங்கு மடங்கா அதிகமா இருக்கு. உடம்பு கத்திக்கிட்டே இருக்கு. வேலைதான் நடக்கல." எனக்கு வேணியை மணலில் உட்காரவைத்த காலைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவளுக்குள்ளும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்திருக்கும். நான் மேலும் மேலும் வெயிலை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த டாக்டர் வெளிநாட்டில் யாரோ செய்து பார்த்ததைப் படித்திருந்தார். அந்த வைட்டமினின் முக்கியமான வேலை, சாப்பாட்டிலிருந்து சுண்ணாம்புச்சத்தைக் குடல் இழுத்துக்கொள்ளச் செய்வது. அது நடக்காதென்றால் குடலையே விட்டுவிட்டு, நேராக ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றுவது. மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக. மைமூனின் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். அவளும் நானும் மாற்றி மாற்றிப் பக்கத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். கட்டில்மேல் நீங்கள் இரண்டு பேரும் புளியங்கொட்டை விளையாடியது உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் சபுரா என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா, என்னையப் பாக்கும்போது அவளப் பாக்குற மாரி இருக்கா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் நடந்தா அவ நடக்குற மாரி இருக்குமா?" என்றாள். நான் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன்.

அவள் நடந்தாள். எலும்பு கெட்டிப்பட்டது. முடி மட்டும் வரவில்லை.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால்தான் நீ இந்தப் படிப்புக்குப் போனாய் என்று ஊரில் சொல்வார்கள். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் ஒரு லீவில் வந்து, காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நீ வரைந்து காட்டினாயே, அன்று எனக்குத் தெரிந்தது. செல்லின் உட்கருவுக்குள் காத்திருக்கும் ஒரு புரதம், ஏற்பி என்று அதற்குப் பெயர் என்றாய். ஈஸ்ட்ரோஜனுக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என்று ஒரே குடும்பத்தில் நிறைய உண்டாம், எல்லாம் ஒரே சாயலாம். கீழே சுருள் சுருளாக அடுக்கிய ஒரு கூடு, அதற்குள் ஒரு குழி. வைட்டமின் வந்து அந்தக் குழிக்குள் உட்காரும். உட்கார்ந்ததும் கடைசிச் சுருள் மடங்கி மூடிபோல அடைத்துக்கொள்ளும். ஜோடிப் புரதம் ஒன்று வந்து சேர்ந்துகொள்ளும். மேலே இரண்டு விரல். ஒவ்வொரு விரலையும் ஒரு துத்தநாக அணு உள்ளிருந்து கட்டிப் பிடித்திருக்கும். அந்த விரல்தான் டி.என்.ஏ.வின் பள்ளத்துக்குள் நுழைந்து, எங்கே எழுதியிருக்கிறது என்று தடவிப் படித்து, வேலையைத் தொடங்கிவைக்கும். இவ்வளவும் வரைந்துவிட்டு, விரலில் ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் குத்தினாய். "இங்கன ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும்மா. அவ்வளவுதான்."

"அப்ப கீழ இருக்குற கூடு?" என்று கேட்டேன்.

"அது நல்லாத்தான் இருக்கு. வைட்டமின் வந்து உட்காரும், மூடி மூடிக்கிரும், ஜோடி வரும். டி.என்.ஏ.வைப் பிடிக்கத்தான் ஏலாது."

"அப்ப அதுக்குக் கேட்டுச்சா?"

நீ புரியாமல் பார்த்தாய். "கேட்டுச்சுன்னே வச்சுக்கங்க. எல்லாம் கேட்டுச்சு. செய்யத்தான் முடியல" என்றாய். நான் அடுப்பைப் பார்க்கிறதுபோல உள்ளே போனேன். சொம்பைப் பார்த்த அந்தக் கண்ணைப் பற்றி உன்னிடம் அன்று சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பிறகு எங்கள் எல்லோரிடமும் ரத்தம் வாங்கிப் போனாய். அய்யா, நான், மைமூன், அவள் வீட்டுக்காரர், சபுரா. சில மாதம் கழித்து நீ நேரில் வந்தாய். மைமூனையும் வரச்சொன்னாய். இரண்டு குடும்பத்திலும் டி.என்.ஏ.வில் மாறியிருப்பது அதே இடத்தில் அதே எழுத்து. அது மட்டுமில்லை, அந்த எழுத்துக்கு முன்னும் பின்னும் நெடுந்தூரத்துக்கு எல்லாமே ஒன்றுபோல் இருக்கிறது. தற்செயலாக இப்படி அமையாது. எப்போதோ ஒரே ஆளிடமிருந்துதான் இது இரண்டு வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும் என்றாய். உன் அய்யா, "நாங்க சிக்கல். அவுக தேவிபட்டினத்து மரக்கலக்காரக" என்றார். "தெரியும்ய்யா. அதுக்கும் முந்தி" என்றாய். மைமூன்தான் கடைசியில், "அப்ப அந்த ஆளு தொழுதாரா, கும்புட்டாரா?" என்று கேட்டாள். அன்று முழுக்க எனக்கு அந்த ஆளின் நினைப்புதான். ஆணா பெண்ணா தெரியாது. தலை நிறைய முடியோடு, நேரான காலோடு, இந்தக் கடற்கரையில் நடந்துபோயிருப்பார். ஒரு குறையும் தெரிந்திருக்காது. அவருக்குள் வேணியின் அந்த முகம் இருந்திருக்கிறது. இப்போது எனக்குள் இருக்கிறது. உனக்கும் பாதி வந்திருக்கிறது, இரண்டு பாதி சேர்ந்தால்தான் நோய் என்று நீயே சொன்னாய். அதனால்தான் என் தம்பி மகளை உனக்குக் கேட்டு வந்தபோது, ரத்தம் பார்க்காமல் பேச்சு வேண்டாம் என்றேன். தம்பிக்குக் கோபம். இன்னும் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. மிதிக்காவிட்டால் போகட்டும். நீ யாரைக் கட்டினாலும் எனக்குச் சம்மதம். பார்த்துவிட்டுக் கட்டு.

நீ போன் பண்ணிய மறுநாள் பிரௌசிங் சென்டரில் போய் நீ அனுப்பிய படத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் ஊசி ஊசியாக, நீலமும் மஞ்சளுமாக மின்னியது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மணலில் வைத்த பிள்ளை. அவளுடைய ஒரு துண்டு, எங்கோ ஒரு குளிர்ப்பெட்டிக்குள், மூடியபடி, மின்னிக்கொண்டு. அவளைப் பாக்டீரியா செய்துகொண்டிருக்கிறது. நீ நினைத்தால் நாளைக்கு இன்னும் கொஞ்சம் செய்வாய். அவளுக்கு அது தெரியுமா, அங்கும் எல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்கிறாளா என்றெல்லாம் மனசு ஓடியது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று நீ சிரிக்காதே. பெற்றவள் இப்படித்தான் நினைப்பாள்.

அங்கிருந்து நேராகத் தேவிபட்டினத்துக்கு பஸ் ஏறினேன். சபுராவின் தையல் கடையில் கூட்டமில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். படத்தைப் பற்றியும் நீ பெயர் கேட்டதைப் பற்றியும் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சேது அனுப்புன படம் எனக்கும் வந்துச்சு பெரியம்மா. அது எனக்குள்ள இருக்குறதுந்தான?"

"ஆமா."

"அதுக்கு வேணின்னு பேர் வச்சா, சபுரான்னும் வைக்கலாமுல்ல?"

அவள் ஜாக்கெட் துணியை மடியில் மடித்தாள். "வேணான்னு சொல்லுங்க. எனக்கு ஆவாதது எதுவோ அது மட்டுந்தான் அங்கன இருக்கு. நான் இங்கனல்ல ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன்?" என்றாள். பிறகு மெதுவாக, "அவ எப்புடிப் பேசுவா பெரியம்மா? நீங்க ஒருநாளும் சொன்னதே இல்லையே" என்றாள்.

உண்மைதான். உன்னிடமும் சொன்னதில்லை. அவளுக்கு வந்த வியாதியைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சபுராவிடம் அன்று சொன்னதை உனக்கும் சொல்கிறேன். உன் அக்கா பொல்லாதவள். வாய் நீளம். யாத்ரீகர்கள் தன்னை வெறித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பயந்து ஒளியமாட்டாள். அவர்கள் கிட்டே வரும்வரை அசையாமல் இருப்பாள். வந்ததும் கடலைக் கையால் காட்டி, அடிக்குரலில், "நான் அதுக்குள்ளருந்து வந்தேன். இன்னும் ரெண்டு பேரு பின்னால வாராக" என்பாள். தமிழ் தெரியாதவர்கள்கூட அந்தக் குரலுக்கு ஓரடி பின்வாங்குவார்கள். அவர்கள் ரயில் ஏறிப் போனதும் மணலில் மல்லாந்து விழுந்து சிரிப்பாள். அப்போது உனக்கு வயது ஒன்றோ ஒன்றரையோ. ஏன் சிரிக்கிறாள் என்றே தெரியாமல் நீயும் பக்கத்தில் விழுந்து சிரிப்பாய். விக்கல் வரும்வரை இரண்டு பேரும் சிரிப்பீர்கள்.

அதனால் அந்தப் படிகத்துக்கு அவள் பெயர் வேண்டாம், சேது. நம்பரே போதும். அதை நல்லபடியாகப் படம் பிடி, இன்னொரு பிள்ளைக்கு உபயோகப்படுகிறமாதிரி எழுது. ஆனால் அது உன் அக்கா இல்லை. அந்தச் சிரிப்பு எந்த எழுத்திலிருந்து வந்தது என்று என்றைக்காவது கண்டுபிடித்தால், அதற்கு வை அவள் பெயரை.

அம்மா